மெக்னீட்டோவும் மத்தியான மழையும்

ஏறாவூரில் ஸகியாவின் காருக்கு மட்டும் தனியாக மழை பெய்தது. 1935ஆம் ஆண்டு வைகாசிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு தொடங்கியது; அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. லுஹருக்கும் பின்னேரத் தொழுகையான அஸருக்கும் இடையில் கார் எங்கே நின்றாலும், அதைச் சுற்றி ஓர் ஏக்கர் அளவுக்குக் கால் மணித்தியாலம் பெய்யும். ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தும்வரை பொறுத்திருக்கும். இடம் மாற்றி நிறுத்தினால் அங்கேயும் பெய்யும். அதே இடத்தில் மறுபடி பெய்ய மறுநாள் ஆகவேண்டும். கொட்டிலுக்குள் விட்டால் கூரைக்கு மேலும் பெய்யும், கீழும் பெய்யும். நல்ல தண்ணீர், பருப்பு வேகும். அந்த வாரம் ஊரில் இதைவிட அதிகமாகப் பேசப்பட்டது கருவாட்டு விலை.

கார் கண்ட கார் அல்ல. பெல்மோர் என்று பெயர். இலங்கையிலேயே மூன்றுதான் இருந்தன. இரண்டு பேர்தான் ஏறலாம், பின்புறம் தோணியின் அணியம்போலக் கூர்ந்திருக்கும். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவன் பந்தயம் ஓடுவதற்கென்று கப்பலில் வரவழைத்து, பன்னிரண்டு வருடம் ஓட்டித் தேய்த்து, சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனான். வாங்கியவர் ஸகியாவின் வாப்பா கச்சி முகம்மது. ஆண்பிள்ளை இல்லாத மனிதர். மகளுக்கே ஓட்டப் பழக்கி, பிறகு வீட்டோடும் ஆறு ஏக்கர் வயலோடும் காரையும் அவளுக்குச் சீதனமாக எழுதினார். இந்தப் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். அதில் யாருக்கும் வியப்பில்லை. காரும் பெண்ணுக்கு என்றபோதுதான் ஊர் வாயைப் பிளந்தது. மாப்பிள்ளை மர்சூக் நல்லவன், பக்கத்துச் சீட்டில் இருந்து பழகிக்கொண்டான். மலேரியா வருடத்தில் அவன் மௌத்தானபோது ஸகியாவுக்கு இருபத்தாறு வயது. கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கவேண்டிய இத்தாவை நாலு மாதமும் பத்து நாளும் இருந்தாள். முடிந்த அன்று முக்காட்டை இறுக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய்க் காரில் ஏறி இருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதல் மழை. அதற்குள் இருந்து அவள் ஒரு பாட்டம் அழுதாள், பிறகு கீழே இறங்கிச் சேலையைப் பிழிந்தாள்.

மர்சூக்கின் அண்ணன் சாலிஹ் வட்டைவிதானையாக இருந்தார். வட்டை என்கிற வயல்வெளியில் யாருடைய வயலுக்கு எந்த நாள் வாய்க்கால் திறப்பது என்று சொல்கிறவர் அவர்தான். சொல்லிச் சொல்லியே தண்ணீர் தன் வீட்டில்தான் உற்பத்தியாகிறது என்று நம்பத் தொடங்கியிருந்தார். தம்பியின் மனைவி ஆறு ஏக்கரையும் தன்னிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

“வாப்பா எனக்குத் தந்த பூமி மச்சான். நான் உசிரோடதானே இருக்கன்?” என்றாள் ஸகியா.

சாலிஹ் அவளுடைய வாய்க்காலை மண் போட்டு அடைத்தார். “உனக்குத்தான் சொந்த மழை இரிக்கே புள்ள, குளத்துத் தண்ணி என்னத்துக்கு?” என்று கேட்டுச் சிரித்தார். கோடைகாலச் சிறுபோகம் இரண்டு தொடர்ந்து தரிசாகக் கிடக்கும் வயலை விதானை காட்டும் ஆள் எடுத்துப் பயிர் செய்யலாம் என்று வட்டைக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தையும் எழுப்பினார். அவளுக்கு எருதுகளை யாரும் இரவல் கொடுக்கக் கூடாதென்று வீடு வீடாகச் சொல்லியும் வைத்தார். மாரிப்போகத்துக்கு ஊர்மழை போதும். சிறுபோகத்துக்குக் கார்தான் ஓடவேண்டும். நாளுக்கு ஆறு இடத்தில் நின்று, ஆறு தடவை நனைந்து, ஆறு தடவை மறுபடி ஸ்டார்ட் ஆகவேண்டும். ஆனால் தீப்பொறி கொடுக்கும் மெக்னீட்டோ முதல் மழையிலேயே ஈரமாகிச் செத்துவிடும். சூரியன் மேற்கே சாயும்வரை ஹாண்டிலைச் சுற்றினாலும் இருமக்கூட மாட்டாது.

ஆகவே மெக்கானிக் தேடும் படலம் தொடங்கியது. மட்டக்களப்பு நகரத்து மெக்கானிக் முதல் வேலையாக நாலு சில்லையும் கழற்றினான், கொழும்பிலிருந்து சாமான் வரவேண்டும் என்றான். ஆனி போய், ஆடி போய், புரட்டாதியும் போனது. சாமான் வரவில்லை, அவனுடைய தென்னங்கன்றுகள் மட்டும் ஆள் உயரத்துக்கு வந்தன. ஐப்பசியில் ஊருக்கெல்லாம் மழை இறங்கிய மறுநாளே கார் எப்படியோ சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினான். முதலாவது சிறுபோகம் அப்படிப் பாழானது. நனைந்தால் இன்னும் ஸ்டார்ட் ஆகாத காரைத் தை மாதம் ஓட்டமாவடி மெக்கானிக்கிடம் விட்டாள். தனக்கு நிலமே கிடையாது என்று அவன் அல்லாஹ்வின் பேரில் சொன்னான். பங்குனியில் ஸகியா முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்தபோது, கார் அவனுடைய மச்சானின் மிளகாய்த் தோட்டத்து நடுவே, சில்லில்லாமல், கட்டைகளின் மேல் நின்றது. சுற்றிலும் மிளகாய் பழுத்துச் சிவந்திருந்தது. ஸகியா தோட்டத்து ஓரத்தில் கிடந்த பாயில் உட்கார்ந்து, நாலு சில்லும் பூட்டப்படும்வரை எழும்பமாட்டேன் என்று இருந்துவிட்டாள். அவன் பூட்டினான். அந்த மழையிலும் அவனுக்கு வியர்த்தது.

சித்திரை பிறந்தது. இன்னும் மூன்று கிழமைக்குள் விதைக்காவிட்டால் வயல் சாலிஹின் கைக்குப் போய்விடும். செங்கலடி அரிசி ஆலையின் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் வினாயகமூர்த்தியிடம் அவள் போனது இந்த நெருக்கடியில்தான். அவன் அதற்கு முன் ஒரு காரையும் திறந்து பார்த்ததில்லை, தண்ணீர் புகாமல் தோணிக்கு மருந்து பூசிப் பழகியவன். மற்றவர்களிடம் கேட்ட கேள்வியையே அவனிடமும் கேட்டாள்.

“அண்ண, உங்களுக்குக் காணி கீணி இரிக்கா?”

“எனக்கில்ல தங்கச்சி, பொஞ்சாதிக்கு இருக்கு. ஒரு ஏக்கர் கத்தரி. வாடிச் சாகக் கிடக்கு.”

நிலம் உண்டு என்று சொன்ன முதல் மெக்கானிக் அவன்தான். ஸகியா சாவியை அவன் கையில் வைத்தாள்.

வினாயகமூர்த்தி காரைத் தன் வீட்டுப்பக்கம் கொண்டுபோகவே இல்லை. ஆலைக்கு முன்னால் கல் பரவிய தெருவில் நிறுத்தினான். பெய்த மழையெல்லாம் கல்லில் விழுந்து, ஒருவருக்கும் உதவாமல் ஓடியது. அவன் மனைவி அன்னப்பூரணி இரண்டாம் நாள் வந்து நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டாள். “தெருவுக்குத் தண்ணி ஊத்துற மனிசன இண்டைக்குத்தான் காணுறன்! வீட்டுல கத்தரி கருகுது, கல்லுல என்ன முளைக்கப் போகுது?” ஆலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவள் பக்கம்தான். அவன் காது கேளாதவனாக, குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சி, தோணிப் பலகையின் இடுக்குக்குத் தேய்ப்பதுபோல மெக்னீட்டோவின் மூடிக்கும் வயர்களுக்கும் தேய்த்து, அதே மருந்தில் தோய்த்த துணியால் இறுக்கிச் சுற்றினான். மூன்றாம் நாள் காலையில் கார் ஸகியாவின் வாசலில் நின்றது.

“மழையில நான் கை வைக்கல்ல தங்கச்சி. அது பழுதில்ல. பழுது இதுமட்டும்தான்,” என்று மெக்னீட்டோவைத் தட்டிக் காட்டினான். பத்து மாதமாகக் காரைப் பார்த்தவர்களில் எது பழுது, எது பழுதில்லை என்று பிரித்துச் சொன்னவன் இவன் ஒருவன். ஸகியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூலியைப் பற்றி அவள் வாயெடுக்குமுன் பின்னாலேயே நடந்து வந்த அன்னப்பூரணி முந்திக்கொண்டாள்.

“இந்த மனிசனுக்குக் களவாவும் எடுக்கத் தெரியா, கேட்டும் வாங்கத் தெரியா. நான் கேக்கன். கிழமைக்கு ஒரு மத்தியானம் எங்கட கத்தரிக்கு வேணும்.”

“ஞாயித்துக்கிழமை வாறன் அக்கா,” என்றாள் ஸகியா. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் தவறவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அவள் வட்டைக்குள் காரை விட்டாள். வண்டிப்பாதையின் இரண்டு பக்கமும் சனம் கூடிவிட்டது. சாலிஹ் நடுப்பாதையில் குடையை ஊன்றி மறித்தார்.

“இது வட்டை. மோட்டார் ஓட்டுற றோட்டில்ல.”

“வாய்க்கால மறிச்சீங்க, மாட்ட மறிச்சீங்க. இப்ப என்னையும் மறிக்கப் போறீங்களா மச்சான்? மறிங்க பாப்பம்,” என்று ஸகியா எஞ்சினை முறுக்கினாள். பெல்மோர் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பின. சாலிஹ் விலகினார்; பயந்து விலகவில்லை, வயலில் இருந்த ஒரு வேலை ஞாபகம் வந்தது என்று பின்னர் சொன்னார்.

முதல் வயலின் வரம்போரம் நிறுத்தினாள். மழை வந்தது. குடையில்லாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கால் மணித்தியாலமும் அசையாமல் நனைந்தாள். மழை விட்டதும் இறங்கி ஹாண்டிலைப் போட்டாள். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. சாலிஹ் பல்லைக் காட்டினார். இரண்டாம் சுற்றில் கார் ஒரு தடவை இருமி, உடம்பு முழுவதும் குலுங்கி, ஓடத் தொடங்கியது. ஸகியா மீசை முளைத்தவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டாவது வயலுக்குப் போனாள். அன்று ஆறு தடவை நனைந்தாள். எருதுக்குப் பதில் வெளியூர்க் கூலியாட்களைத் தேடிப் பிடித்து, ஈர மண்ணை மண்வெட்டியால் கொத்துவித்து, கெடு முடியுமுன் விதைத்தாள். நான்கு மாதமும் அப்படியே நனைந்தாள். தடிமன் பிடித்தது, சளி பிடித்தது, சேலைக் கரைகள் சாயம் போயின, நிறுத்தவில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வினாயகமூர்த்தி வந்து மருந்துத் துணியை மாற்றினான். ஆவணியில் ஆறு ஏக்கரும் விளைந்து தலை சாய்ந்தது. வெட்டுக்கு ஆள் தேடி அவள் அலையவில்லை; எருது தர மறுத்தவர்களே அரிவாளோடு வந்து வரம்பில் நின்றார்கள்.

அறுவடை முடிந்து அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். சாலிஹ் வட்டைப் பதிவைத் திறந்து ஒவ்வொரு வயலாக வாசித்தார். தரிசுப் பட்டியலில் ஸகியாவின் ஆறு ஏக்கர் இல்லை. தண்ணீர் வரும் வழி என்ற இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் குளம் என்று இருந்தது. அவளுக்கு ‘மோட்டார் கார்’ என்று சாலிஹே தன் கைப்பட எழுதியிருந்தார். வேறு எழுத வழியில்லை. உத்தியோகத்தர் பேனையை நிறுத்தி, இதென்ன என்று கேட்டார்.

“அது மத்தியானத்துத் தண்ணி ஐயா,” என்றார் சாலிஹ். “அஸரோட நிண்டுரும்.”

உத்தியோகத்தர் சரியென்று குறித்துக்கொண்டார். சொந்தக்காரர் பெயர் கேட்டபோது சாலிஹ், மர்சூக்கின் விதவை என்று தொடங்கினார். பின்வரிசையில் நின்ற ஸகியா சனத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தாள்.

“கச்சி முகம்மது மகள் ஸகியா,” என்றாள். “அப்பிடியே எழுதுங்க.”

அவர் அப்படியே எழுதி, மை காயும்வரை பொறுத்து, அடுத்த வயலின் பெயரைக் கேட்டார்.