நேவா கேட்டது இருபது அங்குலம்

துப்பாக்கிக் குழலை அறுத்துக் குட்டையாக்கப்போகிறேன் என்று ஆர்லன் ஹௌகென் சொன்னதுதான் தாமதம், கிளப்பில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"நல்லா இருக்கிற குழலை யாராவது வெட்டுவாங்களாய்யா?" என்றார் நீதிபதி. அவர் ஒன்றும் நீதிபதி இல்லை. மைல்ஸ் சிட்டியில் முப்பது வருஷம் பல் பிடுங்கிவிட்டு ஓய்வுபெற்றவர். அந்தக் கிளப்பில் எல்லோருமே பழைய காலத்துத் தொப்பியும் பூட்ஸும் மாட்டி, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை புல்வெளியில் கூடி இரும்புத் தகடுகளைச் சுடுகிறவர்கள். சொந்தப் பெயர் என்னவென்று சாவு அறிவிப்பைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரியவரும். ஆர்லனுக்கு 'சரக்கு ரயில்' என்று பெயர், அவர் சுடுகிற வேகத்தைப் பார்த்து வைத்தது. அவர் மனைவி நேவா 'ஆலங்கட்டி'. அவள் சுட ஆரம்பித்தால் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை கொட்டுகிற சத்தம்தான் கேட்கும்.

"இந்த நீளம்தான்யா சரித்திரம். இதுல கை வைக்கிறது பாவம்," என்று நீதிபதி தொடர்ந்தார்.

"சரித்திரமா?" என்றாள் நேவா. "பழைய மாடலைப் பார்த்து இத்தாலியில எவனோ செஞ்சு அட்டைப்பெட்டியில போட்டு அனுப்பினது. எங்க வீட்டு வாஷிங் மெஷின் இதைவிட வயசுல மூத்தது, நீதிபதி. அதைக் கும்பிடுறியா?"

நேவாவிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர் அந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது.

விஷயம் இதுதான். போன குளிர்காலத்தில் மாட்டுத் தொட்டியின் பனிக்கட்டியை உடைக்கப் போனவள் வழுக்கி விழுந்து, இடது தோளில் தசைநார் கிழிந்துபோனது. பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். நெம்புபிடித் துப்பாக்கியில், ஒவ்வொரு தோட்டாவும் ஏற வலது கை அடிப்பிடியைத் தள்ளி இழுப்பதோடு சரி. முன்பக்கம் முழுவதையும் இடது கைதான் தாங்க வேண்டும். அவளுடையதோ இருபத்துநான்கு அங்குலம், எண்பட்டைக் குழல், அத்தனையும் கெட்டி இரும்பு. வசந்தத்தில் ஒருநாள் எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது தோட்டாவுக்குள் குழலின் வாய் தரையைப் பார்த்துவிட்டது. பேசாமல் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, அடுத்தவர்கள் எத்தனை தவறவிடுகிறார்கள் என்று எண்ணுகிறவர்களின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கோடை முழுக்க அந்த நாற்காலிதான்.

அன்றைக்கு அவள் கை ஆடியதை ஆர்லன் பார்த்திருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அவள் எதையும் தூக்க வழியில்லை. இரும்பு வாணலிக்கு அவள் கை போகும்முன் இவர் கை போய்விடும். பால் கேனும் அப்படித்தான், சலவைக் கூடையும் அப்படித்தான். பிரியம்தான், வேறென்ன. ஆனால் அந்தப் பிரியத்தில் நேவாவுக்கு மூச்சு முட்டியது.

கிளப்பில் அந்தப் பேச்சு நடந்த சில நாளில், ஆகஸ்ட் கடைசியில், காலைச் சாப்பாட்டின்போது அளவை அவளே சொன்னாள்: "நாலு இன்ச் எடுத்துடு ஆர்லன். இருபது போதும். நம்ம கிளப் செல்மாவோட இருபது இன்ச் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். பத்துத் தோட்டாவுக்கும் கை நின்னுது. செப்டம்பர் போட்டியில நான் நிக்கணும். டாக்டரைப் பார்த்துட்டு சாயங்காலம் வந்துடறேன், ரெண்டு பேருமா சேர்ந்து அறுப்போம்."

"சரி," என்றார் ஆர்லன்.

அவளுடைய பிக்கப் வண்டி கேட்டைத் தாண்டியதும் பட்டறைக்குப் போய்விட்டார். தானியக் கிடங்கில் ஆயுள் முழுக்க இயந்திரம் பழுதுபார்த்த கை, சும்மா இருக்குமா? குழலுக்குத் தோல் சுற்றி வைஸில் இறுக்கினார். அளந்து, இருபதில் பென்சிலால் கோடு போட்டார். ரம்பத்தை எடுத்தார். அப்போதுதான் அந்த வசந்த காலத்துக் கை கண்முன் வந்தது. ஆடுகிற கை. பிறகு அவள் போய் உட்கார்ந்த நாற்காலி.

செல்மா துப்பாக்கியில் கை நின்றதாம். தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கோட்டை அழித்துவிட்டுப் பதினெட்டில் போட்டார். சட்டத்துக்குப் பதினாறு இருந்தால் போதும், இது தாராளம். இன்னும் இரண்டு அங்குலம் போனால் அவளுக்கு இன்னும் லேசாக இருக்கும். அவ்வளவுதான் யோசனை.

வேலையில் குறை சொல்ல முடியாது. அறுத்த முகத்தை அரத்தால் நேராக்கி, உருண்டைத் தலைப் பித்தளைத் திருகில் உலோகம் தேய்க்கும் பசை தடவி, குழலின் வாயை மழமழவென்று தேய்த்தெடுத்தார். அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயையும் அதே அளவுக்கு வெட்டி, உள்ளே ஸ்பிரிங்கைக் குறைத்து, முன் குறிமுள்ளைப் புது இடத்தில் பொருத்தினார். இத்தனையும் செய்த மனுஷனுக்கு, அந்தக் குழாயில் இனி எத்தனை தோட்டா நிற்கும் என்று கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

நேவா வந்து பார்த்தாள். "நான் வர்றதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள். தோளில் வைத்துப் பார்த்தாள். "ரொம்ப லேசா இருக்கே?"

"லேசா இருந்தா நல்லதுதானே," என்றார் ஆர்லன், காபிக் கோப்பையைப் பார்த்தபடி.

மேய்ச்சல் நிலத்தில் காலி டப்பாக்களை வைத்து ஐந்து தோட்டா சுட்டாள். ஐந்தும் பட்டன. அவள் சிரித்ததைப் பார்த்ததும் அளவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் ஆர்லனுக்குப் போய்விட்டது. இப்போது எதற்கு என்று விட்டுவிட்டார்.

போட்டியன்று காற்று பலமாக அடித்தது. துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் மேஜையில் நீதிபதி காவல். சுற்றுக்குப் பத்துத் தோட்டா. நேவா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்பது போயிற்று. பத்தாவதைப் பெருவிரலால் அழுத்தினாள். அது பாதி போய்த் திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது.

"ஸ்பிரிங் புதுசா வெட்டினது, இறுக்கமா இருக்கும்," என்றார் ஆர்லன். சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஸ்பிரிங் இல்லைய்யா," என்றார் நீதிபதி மெதுவாக. "குழாய் ஒன்பதுதான் கொள்ளுது."

நேவா துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள். "இது என்ன அளவு ஆர்லன்?"

"பதினெட்டு."

"நான் கேட்டது?"

"இருபது." பிறகு, யாரும் கேட்காமலே, "உனக்கு லேசா இருக்கட்டும்னுதான்..." என்றார்.

"என் கை நின்னுதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"நீ என் தோளை அளக்கலை. உன் பயத்தை அளந்து அறுத்திருக்கே." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று ஆர்லனுக்கு இருந்தது. "என்னைவிடச் சின்ன ஒருத்திக்குத் துப்பாக்கி செஞ்சு என் கையில கொடுத்திருக்கே."

நீதிபதி தன் தொப்பியின் விளிம்பை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"என்னோடதை எடுத்துக்கோ," என்றார் ஆர்லன்.

"உன்னோடது இருபத்துநாலு."

"அப்ப இந்தத் தடவை விட்டுடு நேவா. புதுக் குழல் வாங்கிப் போட்டுத் தர்றேன். சத்தியமா."

"நாற்காலியில உட்கார்ந்தது போதும். நீதிபதி, பத்தாவதைக் கையால போடலாமில்ல?"

"டைமர் ஓடும்போது உன் கையாலயே போடலாம். போடாட்டி ஒண்ணு தவறினதாக் கணக்கு. தோட்டா இடுப்பு வார்ல இருக்கணும். வாயில வெச்சுக்கக் கூடாது, காதுல கூடாது, மூக்குல கூடாது."

"மூக்குலயா? எவன் வெச்சான்?"

"எவனோ வெச்சிருக்கான். இல்லாட்டி எதுக்கு விதியில எழுதியிருக்காங்க?"

நேவா சிரித்துவிட்டாள். ஆர்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சுற்றுக்கு டைமர் பிடிக்க வேண்டியவர் அவர்தான். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று பார்த்தார். "நீயே பிடி," என்றாள் நேவா. "பக்கத்துல நின்னு பாரு."

கைத்துப்பாக்கிகள் முதலில். அதில் கஷ்டமில்லை. பிறகு நெம்புபிடி. ஆலங்கட்டி மறுபடி கொட்டியது. ஒன்பது தகடும் கணீர் கணீரென்றன, பிறகு சத்தம் நின்றது. வலது கை பிடியைத் திறந்துவிட்டு இடுப்பு வாருக்குப் போயிற்று. இனித் துப்பாக்கிக்கு இடது கையைத் தவிர ஆதாரம் இல்லை. கட்டையின் அடியை வலது தோளில் இடுக்கி, தைத்த தோளின் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

முதல் தோட்டா விரலில் வழுக்கிப் புல்லில் விழுந்தது. குழல் லேசாக ஆடியது. ஆர்லனின் கை தானாக நீண்டது.

தொட்டால் உதவி. உதவி செய்தால் அவளுடைய சுற்று போச்சு. அவருக்குத் தெரியாதா? இருந்தும் கை போய்க்கொண்டிருந்தது.

"கையை எடு," என்றாள் நேவா, தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எடுத்துக்கொண்டார். அந்தக் கையால் டைமரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் அடுத்த தோட்டாவைத் துழாவினாள். வார் இறுக்கம், வரவில்லை. கொஞ்சம் திருகி இழுத்தாள். குழலின் வாய் ஒரு நூல் தாழ்ந்தது. பிறகு அவளே அதை மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கேயே நின்றது. ஆறு மாதமாக ஒரு வாணலிகூடத் தூக்க விடாமல் அவர் காப்பாற்றி வைத்திருந்த கை அது. ஆர்லனுக்கு வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி. எது அதிகம் என்று அவருக்கே தெரியவில்லை.

தோட்டாவைத் துப்பாக்கியின் மேல்புறம் திறந்திருந்த அறைக்குள் போட்டாள். பிடியை மூடினாள். சுட்டாள். பத்தாவது தகடும் ஒலித்தது.

எண்ணுகிறவர்கள் மூன்று பேரும் மூடிய முஷ்டியைத் தூக்கிக் காட்டினார்கள். ஒன்றும் தவறவில்லை. நேரத்தை ஆர்லன்தான் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்தார். அந்தக் குழுவிலேயே எல்லோரையும்விட அதிக நேரம். நீதிபதி தொப்பியைக் கழற்றி ஆட்டினார். செல்மா விசிலடித்தாள்.

துப்பாக்கி காலி என்று காட்டும் மேஜையில் சோதித்து அனுப்பிய பிறகு, ஆர்லன் அவளிடம் வந்தார்.

"உன் கை அந்த ரெண்டு இன்ச்சையும் தாங்கியிருக்கும்," என்றார்.

"அதைத்தான் அன்னைக்குக் காலைச் சாப்பாட்டுல சொன்னேன்."

"ஆமா. சொன்னே. நான்தான் கேக்கலை. தப்பு என்னோடது, நேவா."

அவள் நெற்றியில் வேர்வை. இடது கையை மெல்லத் தொங்கவிட்டு உதறிக்கொண்டாள். வலிக்கிறது என்று தெரிந்தது. அடுத்த சுற்றுக்கு வண்டிகளைத் தாண்டிப் போக வேண்டும், தூரம். ஆர்லன் துப்பாக்கிக்குக் கையை நீட்டப்போய், பாதியில் நிறுத்தினார்.

"நான் தூக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

நேவா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள். "கனத்தா நானே கேக்கறேன்."

துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். ஆர்லன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தார்.