முன் சீட்டில் ஒரு மடி

“அண்ணே, வண்டிய எடுக்காதீங்க!”

மேல் நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்சவல்லி, முதுகுக் கூடையோடு ஓடிவந்து அருள்சாமியின் காரை மறித்து நின்றாள். எஸ்டேட்டில் வாடகைக்கு ஓடுவது அந்த ஒரு கார்தான். முன் சீட்டில் பாஞ்சாலை. அவள் மடியில் புதுப் பாவாடை கட்டிய மூன்று வயதுச் சாரதா. மலைக்குக் கீழே தாப்பா ஊரில் கோயில். பிள்ளைக்கு இன்றைக்கு முடியிறக்குகிறார்கள்.

“எதுக்கு மறிக்கிற?” என்றாள் பாஞ்சாலை. இரண்டு வருடத்தில் அவள் அம்சவல்லியிடம் பேசிய முதல் பேச்சு அது.

“புள்ளையப் பின்னால வச்சுக்க. முன்னால வேணாம்.”

“பின்னால ஒக்காந்தா ரிங்லெட் தாண்டறதுக்குள்ள வாந்தி எடுப்பா. தெரியாத மாதிரி பேசாத.”

தெரியாமல் என்ன? தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் வளைவுக்கு வளைவு பிள்ளைகளுக்குக் குமட்டும். அதனால் சின்னப் பிள்ளையை முன் சீட்டில் யார் மடியிலாவது இருத்தி, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, கண்ணாடியைப் பாதி இறக்கிவிடுவது எஸ்டேட் வழக்கம். பாஞ்சாலையின் மூத்தவன் நாகப்பனும் இரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் ஒரு கல்யாணத்துக்குப் போனான், அம்சவல்லியின் மடியில். அப்போது அவள் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்ப்பவள். அவள் மடிக்கு வந்தால் எந்தப் பிள்ளையும் அழாது என்று பேர்.

ஒரு வளைவில் மர லோரி கோடு தாண்டி வந்தது. அருள்சாமி காரை ஒடித்து மண்மேட்டில் மோதினார். அவர் பிழைத்தார். பின்னாலிருந்த பாஞ்சாலை பிழைத்தாள். அம்சவல்லிக்குத் தாடையில் ஏழு தையல். நாகப்பன் மட்டும் அவள் கையில் இல்லை.

தூங்கிவிட்டாள் என்றார்கள். பிடியை விட்டுவிட்டாள் என்றார்கள். பிறகு கொட்டகையில் அவளிடம் யாரும் பிள்ளையை விடவில்லை. அவளும் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். இறுக்கித்தான் பிடித்திருந்தேன் என்று யாரிடம் சொல்ல? சொன்னால் யார் நம்புவார்கள்?

“நான் ஒன்ன மாதிரி விட்டுற மாட்டேன்,” என்றாள் பாஞ்சாலை. “போன வருசம் சட்டம் வந்து பெல்ட்டு போட்டிருக்குலா. ரெண்டு பேருக்கும் சேத்து மாட்டிக்கிறேன்.”

“ஒங் கனம் மொத்தமும் அவ வயித்துல விழும்டி! என்னத் திட்டு, லைன் வீடு பூரா கேக்கத் திட்டு. புள்ளைய மட்டும் பின்னால கொண்டு போ.”

“கோயிலுக்குப் போற நேரத்துல வாயக் கழுவு.”

அருள்சாமி இஞ்சினை அணைத்தார். இறங்கிப்போய் காரின் பின்பெட்டியைத் திறந்து, பொங்கலுக்குக் கட்டி வைத்திருந்த அரிசிச் சாக்கைத் தூக்கி வந்தார்.

“பாஞ்சாலை, புள்ளைய எறக்கி விடு. இத மடியில வச்சுக்க. கனம் ஒண்ணுதான்.”

“என்னண்ணே வெளையாட்டு?”

“வெளையாட்டு இல்ல, தாயி. பெல்ட்ட ஒனக்கு மட்டும் மாட்டு. சாக்க ரெண்டு கையாலயும் கட்டிப் புடி.”

தேயிலைத் தொழிற்சாலை ஓரத்துச் சமதரையில், லோரிகள் பின்வாங்கும்போது சக்கரத்துக்குத் தடையாக ஒரு பெரிய மரத்துண்டு கிடந்தது. அருள்சாமி அதைக் காட்டினார். “ஒரு ஆள் ஓடுற வேகந்தான். அதுல முட்டப்போறேன். சொல்லிட்டேன்லா, அப்புறம் சொல்லலன்னு சண்டைக்கு வராத.”

“முட்டுங்க. விட்டா என்னன்னு கேளுங்க.”

அம்சவல்லி தூரத்தில் சாரதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடம் கழித்து ஒரு பிள்ளையின் கை. கார் ஓடி வந்தது. தொம் என்று ஒரு சத்தம்.

அவர்கள் போய்ப் பார்த்தபோது சாக்கு முன் கண்ணாடியில் மோதிக் கிழிந்து கிடந்தது. பாஞ்சாலையின் காலடியெல்லாம் அரிசி. பெல்ட்டு அவளை நிறுத்தியிருந்தது. அவள் கைகள் இன்னும் எதையோ அணைத்தபடி வளைந்தே இருந்தன.

“புடிச்சுத்தானே இருந்தேன்…” என்றாள். “சொல்லிட்டுத்தானே முட்டுனீங்க… இறுக்கித்தானே புடிச்சேன்…”

“அன்னைக்கு இதப்போல மூணு மடங்கு வேகம். அம்சவல்லியும் புடிச்சுத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்,” என்றார் அருள்சாமி.

அம்சவல்லி திரும்பினாள். “பாத்தீங்களா? ரெண்டு வருசமா வாயத் தொறக்கலியே, அண்ணே!”

“தொறந்தா எம் பிரேக்கப் பத்திப் பேசுவாங்கன்னு இருந்துட்டேன்.” அவர் தலை நிமிரவில்லை.

கத்த வேண்டும் போலிருந்தது அம்சவல்லிக்கு. அதற்குள் பாஞ்சாலையின் குரல் உடைந்தது. “எம் பக்கத்துல இருந்தவன நான்தானே தூக்கிக் குடுத்தேன். வாந்தி எடுப்பான்னு நான்தானே முன்னால அனுப்புனேன்.”

இத்தனை நாள் சுமந்த பழியை இறக்கி வைக்க இடம் கிடைத்திருந்தது. அம்சவல்லியால் அதை அந்த இடத்தில் வைக்க முடியவில்லை.

“தெரியாமக் குடுத்த. நானும் தெரியாம வாங்கிக்கிட்டேன். அழு. அழுதுட்டுப் பின்னால ஏறு.”

பாஞ்சாலை அழுதாள். வெகுநேரம் அழுதாள். அருள்சாமி சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல் குனிந்தே இருந்தார். பிறகு அவள் சாரதாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் நன்றாக உள்ளே தள்ளி உட்காரவைத்தாள்.

“இந்தப் பக்கம் நான் இருக்கேன். அந்தப் பக்கம் ஆளு வேணும். ஏறு.”

“கங்காணி பேரு வெட்டிருவாரு, இன்னைக்குக் கூலி போயிரும், பாஞ்சாலை.”

“வெட்டட்டும்.”

அம்சவல்லி தோளிலிருந்து கூடையைக் கழற்றினாள்.