நாச்சியாரின் இடது இறக்கை

விரலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஏறியிருந்ததைப் பார்த்த பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது வேல்விழிக்கு உறைத்தது. மேசையில் நின்ற மிக் விமானத்தின் இடது இறக்கையில் ஒரு நாணயம் அளவுக்குப் பெயின்ட் கரைந்து, அடியில் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது.

விமானம் அவளுடையது அல்ல. நாச்சியாருடையது.

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகும் வழியில் இருந்த அந்த ஷெட்டில் போர் விமானங்களின் சிறிய மாதிரிகளைச் செய்தார்கள். பெட்டியில் வரும் பாகங்களை வெட்டித் தேய்த்து, ஒட்டி, நிறமடித்து, எண்களும் சின்னங்களும் பதித்துக் கண்ணாடிக் கூண்டில் வைத்துத் தருவது வேலை. முதலாளி ஸ்ரீவத்ஸன் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். பள்ளி நாளிலிருந்து பொழுதுபோக்காகச் செய்துவந்ததைத் தொழிலாக்கிக்கொண்டவர். அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வந்தவர்கள் இருவர், வேல்விழியும் நாச்சியாரும். செல்போன் கம்பெனியில் ஐந்து வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள். கம்பெனி மூடிய பிறகும் ஒரே ஹாஸ்டல் அறையில் இருப்பவர்கள். ஆளுக்கொரு விமானத்தைக் கொடுத்திருந்தார். இன்று மாலை முடிவு. கிடைக்காதவள் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். வேல்விழியின் அண்ணன் மாரிராஜ் கோவில்பட்டியில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேதியே சொல்லிவிட்டான்.

நாச்சியார் கை கழுவப் போயிருந்தாள். அவள் விமானத்தின் இறக்கையில் ஒரு விரல் ரேகை தெரிந்தது. செல்போன் கம்பெனி லைனில் இருந்தவரை, பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போனால் அவளுடைய போர்டையும் ஐபிஏ என்ற ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்து நகர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். இங்கேயும் அதே ஐபிஏ பாட்டில், அதே வாசனை. கை தானாகப் போயிருந்தது. ஆனால் இங்கே அது ஸ்ப்ரே துப்பாக்கியில் ஒட்டிய பெயின்ட்டைக் கரைப்பதற்காக வைக்கப்பட்டிருந்தது. காலையில் ஸ்ரீவத்ஸன் துப்பாக்கியைக் கழுவியபோது சாம்பல் நிறம் வழிந்து ஓடியதை அவளும் பார்த்தாள்.

ரகுபதி டீ கொண்டுவந்தார். ஷெட்டைக் கூட்டிப் பெருக்கும் உள்ளூர்க்காரர்.

"இன்னாமா, ஏரோப்ளேனுக்குச் சொறி புட்ச்சா மாரி கீது?"

அவள் துணியை மடிக்குள் மறைத்தாள்.

"பழைய பிளேனுன்னு வுட்டுரு. வெயில்ல நின்னா பெயின்ட் போவாதா?" சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்.

நாச்சியார் வந்தாள். இறக்கையைப் பார்த்தாள். உட்காராமல் நின்றபடியே குனிந்து மறுபடி பார்த்தாள்.

"ஏளா, உரிஞ்சிருக்கு. அவரு அன்னைக்கே சொன்னாரு, பிளாஸ்டிக்க சோப்பு போட்டு நல்லாக் கழுவலன்னா பெயின்ட் பிடிக்காதுன்னு. நாந்தான் அவசர அவதியாக் கழுவுனேன்."

துணி இன்னும் வேல்விழியின் மடியில்தான் இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். நாச்சியார் தன்னையே நொந்துகொள்வாள். வேலை இந்தப் பக்கம் வந்துவிடும். நாச்சியார் பெயின்ட் பாட்டிலைத் திறக்கப் பார்த்தாள். அவசரத்தில் மூடியைத் தப்பான பக்கமே திருகிக்கொண்டிருந்தாள். வாசலில் ஸ்ரீவத்ஸனின் பைக் வந்து நின்றது.

"நாந்தான் தொடச்சேன்," என்றாள் வேல்விழி.

"என்னத்த?"

"ஐபிஏ போட்டு. ரேகை கெடந்துச்சு. கை தானாப் போயிட்டு."

நாச்சியார் வேல்விழியின் விமானத்தைப் பார்த்தாள். வால் நுனிவரை பழுதில்லாமல் நின்றது அது.

"ஒன் பிளேன்ல மட்டும் ரேகையே விழலயோ?"

தன்னுடையதைத் துடைக்கவேண்டும் என்று வேல்விழிக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. சொன்னால் இன்னும் மோசமாகக் கேட்கும்.

ஸ்ரீவத்ஸன் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேல்விழி அவரிடமும் சொன்னாள். அவர் ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தார்.

"இதைச் சரிபண்ண முடியுமாம்மா?" என்று நாச்சியாரைக் கேட்டார்.

"ஓரத்தத் தேச்சு மெலிசா அடிச்சுப் பாக்கேன், சார்."

"செய்யுங்க. வேல்விழி, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

நாச்சியார் மெல்லிய உப்புத்தாளை நனைத்து ஓரத்தைத் தேய்த்தாள். நிறம் கலந்தாள். கருப்பு ஒரு சொட்டு கூடிவிட்டது என்று வேல்விழிக்குப் பட்டது. வாய்வரை வந்ததை விழுங்கி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஸ்ப்ரே துப்பாக்கிக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் உறுமியது. நாச்சியார் ஒரு முறை அடித்து, காயவிட்டு, நிறத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவளே வெள்ளை கொஞ்சம் சேர்த்து மறுபடி அடித்தாள்.

ஸ்ரீவத்ஸன் விளக்கடியில் விமானத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"வட்டம் லேசாத் தெரியறது. பரவாயில்லை, அப்புறம் சரிபண்ணிக்கலாம். நீங்க திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க." பிறகு வேல்விழி பக்கம் திரும்பினார். "உங்க பிளேன்ல குறை இல்லை. நீங்க சொன்னதும் நல்லது. ஆனா இங்க ஒருத்தர் பீஸை இன்னொருத்தர் தொடக் கூடாது. அஞ்சு வருஷப் பழக்கம் போறதுக்கு நாளாகும். எனக்கு அவ்வளவு நாள் இல்லைம்மா."

ஷேர் ஆட்டோவில் இருவருக்கும் நடுவே ஒரு கம்பெனிப் பையன் உட்கார்ந்தான். அவன் இறங்கிய பிறகும் அந்த இடம் அப்படியே கிடந்தது.

"சொல்லாம இருந்திருந்தா ஒனக்குத்தான் கெடச்சிருக்கும்," என்றாள் நாச்சியார்.

"ஆமா."

"அப்படிச் சொல்லுதவ, பெறவு ஏன் தொடச்ச?"

"நீ எந்திரிச்சுப் போயிட்டேல்லா, லைன் நின்னுருமே."

ஹாஸ்டல் வாசலில் ஆட்டோ நின்றதும் நாச்சியார் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்தாள்.