ஹீட்டர் மூக்கு

"வெறும் ஹீட்டர் மூக்குதான்டி" என்றாள் பிரிட்டா, கைக்குழந்தையான மகளை லின்னேயாவிடம் நீட்டியபடி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல். "விடியற வரைக்கும் கொர்ரு கொர்ருன்னு இழுத்துக்கிட்டே கெடந்தா. உன் கை பட்டாச் சரியாப் போயிடும்."

வடக்கு மினசோட்டாவில், அந்த இரும்புச் சுரங்க ஊரில், ஜனவரி வந்தால் குழந்தைகளுக்கு இரண்டே வியாதிதான். ஒன்று சளி. அது காய்ச்சலோடு வரும், அடுத்தவருக்கும் ஒட்டும். இன்னொன்று ஹீட்டர் மூக்கு. வீட்டுக்குள் ஓயாமல் ஓடுகிற ஹீட்டர் காற்றில் மூக்கு காய்ந்து அடைத்துக்கொள்ளும், யாருக்கும் ஒட்டாது. எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்பு சுட்டால் சளி, சுடாவிட்டால் ஹீட்டர். இதைக் கேட்டால் டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் ஊர்க் கணக்கு அதுதான். லின்னேயாவும் அந்தக் கணக்கில் வளர்ந்தவள்தானே.

இருந்தும் தயங்கினாள். அவள் மகன் ஓட்டோ குறைமாதத்தில் பிறந்தவன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, பனி விழத் தொடங்கின பிறகுதான் வீட்டுக்கே வந்தான். "மத்தவங்களுக்கு அது சளி. இவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதனால்தான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் லின்னேயா நிறுத்திவிட்டாள். பிரிட்டாவின் மகள் மேஸியை மட்டும் நிறுத்தவில்லை.

பிரிட்டா வேறு ஆளா என்ன? சின்ன வகுப்பிலிருந்து பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தவள். ஓட்டோ வீட்டுக்கு வந்த புதிதில் வாசலில் காவலுக்கு நின்றதே அவள்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வந்த லின்னேயாவின் நாத்தனாரையே, "கொஞ்சறதெல்லாம் அப்புறம், மொதல்ல போயி மூக்கச் சிந்து" என்று படியோடு திருப்பி அனுப்பினாள். நாத்தனார் இன்னும் அந்தக் கோபத்தில்தான் இருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் இப்போது, "சந்தேகமா இருந்தா தெர்மாமீட்டர் வச்சே பாத்துக்கோயேன்" என்றாள்.

லின்னேயா வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. "உன்னப் போயி சந்தேகப்படுவேனா? ஓட்டோவுக்காகத்தான்டி" என்று சங்கடத்தோடு சிரித்தாள். சங்கடப்பட வேண்டியவள் எதிரில் நிற்கிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்! பிரிட்டா மகளின் உச்சியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, சூப்பர் மார்க்கெட் கல்லாவுக்கு நேரமாகிவிட்டதென்று காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மூக்கடைத்த பிள்ளை லின்னேயாவின் கைக்கு வந்தால் அது தனி வைபவம். மேஸியைத் துண்டில் கை கால் அசையாமல் சுற்றி, தலையைச் சற்றே உயர்த்தி மடியில் சாய்த்துக்கொண்டாள். உப்புத்தண்ணியைச் சொட்டுக் குழாயில் இழுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மேஸி அழவில்லை. குழாயைப் பார்த்ததும் குருவிக் குஞ்சு மாதிரி ஆவென்று வாயைத் திறந்தாள். நாக்கை வேறு நீட்டினாள்.

"அடி என் குட்டிக் கழுத! இது மூக்குக்குடி, வாய்க்கில்ல!" லின்னேயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இரண்டு மூக்கிலும் சொட்டு விட்டு, உள்ளே கட்டியாக இருப்பது இளகட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு உறிஞ்சு குழாய். அதன் ஒரு முனை பிள்ளையின் மூக்கில், மறுமுனை இவள் வாயில். நடுவில் வடிகட்டி இருக்கிறது, ஒன்றும் வாய்க்கு வந்துவிடாது. ஆனாலும் அவள் புருஷன் வெஸ், "உலகத்துலயே அசிங்கமான ஸ்ட்ரா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். லின்னேயாவுக்கு அருவருப்பு கிடையாது. மேஸியும் அவளுக்குப் பெறாத பிள்ளைதான். மெதுவாக உறிஞ்சினாள். கொழகொழவென்று வந்தது, பச்சையாக. ஹீட்டர் மூக்கில் இவ்வளவு பச்சையா என்று மனசின் ஓரத்தில் ஒன்று கேட்டது. பிரிட்டா சொன்னாளே என்று அதை அடக்கிவிட்டாள்.

அடுத்தது ஆவி. குளியலறைக் கதவைச் சாத்தி, ஷவரில் வெந்நீரைத் திறந்துவிட்டு, தண்ணீர் மேலே படாத மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஓட்டோவுக்கும் மூக்கில் பொருக்குக் கட்டியிருந்தது. ஒரே ஆவியில் இரண்டு பேருக்கும் ஆகட்டும் என்று அவனையும் இன்னொரு தொடையில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி மங்கியது. மேஸி ஓட்டோவின் முகத்துக்கு நேராக ஒரு தும்மல் போட்டாள், அவன் திடுக்கிட்டுக் கண்ணைக் கொட்டினான்.

"கடவுள் ஆசீர்வதிக்கட்டும், ரெண்டு பேரையும்" என்று சொல்லி, மகன் முகத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள். எதைத் துடைக்கிறோம் என்று தெரியாமல்தான் துடைத்தாள், பாவி மகள்.

மதியம் மேஸியின் உடம்பு கொதித்தது.

லின்னேயா முதலில் ஓட்டோவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்புறம் பிரிட்டாவுக்குப் போன் செய்தாள்.

"அய்யய்யோ, காய்ச்சலா? காலையில நல்லாத்தானே இருந்தா! இப்பத்தான் புதுசா வந்திருக்கும். ஷிப்ட் முடிஞ்சதும் ஓடி வரேன்டி" என்றாள் பிரிட்டா.

அதையும் நம்பினாள். நம்பிக்கொண்டே, மறுபடி அடைத்துப்போன அந்த மூக்குக்கு உப்புத்தண்ணி எடுத்து வந்தாள். காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்த மேஸி குழாயைக் கண்டதும் அழுகையை நிறுத்தி வாயைத் திறந்தாள். சொட்டு மூக்கில் விழுந்ததும் ஏமாந்துபோய் வீறிட்டாள். நாக்கைச் சப்புக்கொட்டித் தேடினாள். இனிப்பு எங்கே என்று கேட்கிறது பிள்ளை!

லின்னேயாவின் கை அப்படியே நின்றது. காய்ச்சல் மருந்தும் இதே மாதிரிக் குழாயில்தான் வரும், திராட்சை வாசனையோடு, தித்திப்பாக. ஒரு தடவை கொடுத்திருந்தால் குழந்தைக்குப் பழக்கமாகியிருக்காது. மேஸியின் கழுத்து மடிப்பை விரித்து மோந்து பார்த்தாள். பழைய பாலோடு திராட்சை. காலையில் தெர்மாமீட்டர் ஏன் சூடு காட்டவில்லை என்று இப்போது புரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், சோற்றைக் கிளறிப் பார்த்துக்கொள் என்று கரண்டியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

பிரிட்டா வந்தபோது லின்னேயா வாசலிலேயே நின்றாள்.

"எப்பலேருந்து மருந்து குடுக்கிற?"

"என்ன மருந்து?"

"சொட்டுக் குழாயப் பாத்ததும் உன் பொண்ணு வாயத் தொறக்கிறா, பிரிட்டா."

பிரிட்டா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "ஞாயித்துக்கிழமையிலேருந்து" என்றாள். "எனக்கு லீவே இல்லடி. இன்னொரு நாள் வரலன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்னு மேனேஜர் மொகத்துக்கு நேராச் சொல்லிட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஓட்டோவ மாமியார்கிட்ட விட்டுட்டு, உன் வீட்டுக்கு வந்து இவள நானே பாத்திருப்பேனே!"

"நீ மாட்டேன்னு சொல்லிட்டா?"

"அத நான் சொல்லணும்டி! எனக்கும் சேத்து நீயே முடிவு பண்ணிட்டியா? என் நாத்தனார் மூக்க உறிஞ்சினதுக்கு வெரட்டி அடிச்சியே, ஊருக்குத்தான் உபதேசமா? தெர்மாமீட்டர வச்சுப் பாருன்னு சொன்னியே... நீயாவே சொன்னியே, அடிப்பாவி!"

பிரிட்டா அழுதாள். லின்னேயா அவளைத் தேற்றவில்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வாரம் முடிவதற்குள் ஓட்டோவின் மூக்கு அடைத்தது. சொட்டு விட்டாள், உறிஞ்சினாள், குளிர்ந்த பனிப்புகை விடும் எந்திரத்தைத் தொட்டிலருகே ஓடவிட்டாள். மூக்கு சுத்தமாகத் திறந்தது. ஆனால் புட்டியை வாயில் வைத்தால் இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்தது. மூக்கில் இருக்கும்வரைதான் அவள் கைவைத்தியம். இது மூக்கைத் தாண்டிவிட்டது. வெஸ் காரைக் கிளப்பினான், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று கழற்றிப் போட்டுவிட்டு வந்த அதே மாதிரி ஆக்ஸிஜன் குழாயை நர்ஸ் மறுபடியும் ஓட்டோவின் மூக்கில் ஒட்டினாள். பிரிட்டா காய்ச்சலைத் தந்ததுகூட லின்னேயாவுக்குப் பெரிதில்லை, பிள்ளைகளுக்குச் சளி வரும்தான். தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தந்தாளே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

ஓட்டோ பிழைத்து வீடு திரும்பினான். அதைக் கேள்விப்பட்டு பிரிட்டா வந்தாள். ஒரு இடுப்பில் மேஸி, மறு கையில் கறியின் மேல் உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று வெந்த ஹாட்டிஷ் சட்டி. அந்த ஊரில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோவதும் அதுதான், சமாதானத்துக்கும் அதுதான்.

"நான் செஞ்சது தப்புதான். திங்கக்கெழம இவள விட்டுட்டுப் போக எனக்கு வேற எடமில்லடி" என்றாள். மேஸி மூச்சுக்கு மூச்சு கொர்ரென்றாள். பிரிட்டா பதறினாள். "இது நெசமாவே ஹீட்டர் மூக்குதான். சத்தியமா! டாக்டர்கிட்டயும் காமிச்சுட்டேன்."

நிஜமாகவும் இருக்கலாம். லின்னேயா அந்தச் சொல்லை உற்றுக் கேட்டாள். பிறந்ததிலிருந்து தெரிந்த சொல், இப்போது அதில் ஒன்றுமே மிச்சமில்லை.

உள்ளே போய்ச் சொட்டுக் குழாயும் உறிஞ்சு குழாயும் கொண்டுவந்தாள். பூட்ஸ் கழற்றும் நடையிலேயே உட்கார்ந்து மேஸியை மடியில் வாங்கினாள். பிள்ளை அவளை அடையாளம் கண்டு சிரித்தது. குழாயைப் பார்த்ததும், இதோ வந்துவிட்டது என்று வாயைத் திறந்தது.

"பாத்துக்கோ" என்றாள் லின்னேயா. "உங்க வீட்டுல இவ ஒருத்திக்குத்தான் பொய் சொல்லத் தெரியல."

மூக்கைச் சுத்தமாக எடுத்துவிட்டாள். அந்தக் குழந்தையின் நெற்றியில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு பிள்ளையைத் தாயிடம் கொடுத்து, உறிஞ்சு குழாயைக் கழுவி வந்து அதை அவள் கோட்டுப் பையில் செருகினாள்.

"எனக்கு எதுக்குடி இது?" என்றாள் பிரிட்டா.

"இனிமே இவ மூக்க நீயே உறிஞ்சு. என்ன கலர்ல வருதுன்னு நீயே பாத்துக்கோ. ஹாட்டிஷ எடுத்துக்கிட்டுப் போ."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே கார் கிளம்ப வெகுநேரம் ஆயிற்று. அவள் ஓட்டோவின் தொட்டிலருகே போய் உட்கார்ந்து, அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.