இறக்கைமேல் ஊதிய தண்ணீர்

என் மகன் துபோய்க்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை. யாம்பியோ டவுன் மருந்துக்கடை மாத்திரைக்கும் கேட்கவில்லை. என் கணவர் பகிங்கோ கோழிக்குஞ்சுகளைக் கூடையில் அடைத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார். குஞ்சுக்கு விஷம் கொடுத்து ஒரு பெயரைச் சொல்வார்கள். குஞ்சு செத்தால், அந்த ஆளின் வயிற்றிலிருக்கும் சூனியம்தான் பிள்ளையைத் தின்கிறது என்று அர்த்தம்.

"யாருக்குடி நம்ம மேல வயித்தெரிச்சல்? பேரைச் சொல்லு."

எனக்கு ஒரு பெயர்தான் வாயில் வந்தது. "பக்கத்து வீட்டு நங்பிரா."

"அந்த அக்காவா? அது நம்மகிட்ட எந்த வம்புக்கும் வராதே?"

"உங்களுக்கு என்னதான் தெரியும்! போய்க் கேட்டுப் பாருங்க" என்று சீறினேன்.

காரணத்தை எந்த வாயால் சொல்வது? முதல் மழைக்கு அவள் புற்றில் ஈசல் கிளம்பியபோது, அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, ஈசல் விழ அவள் வெட்டியிருந்த குழியோடு வழித்து அள்ளி வந்தவள் நான். அது அவள் புற்று என்று ஊருக்கே தெரியும். வறுத்து வீட்டில் எல்லோருக்கும் போட்டேன்.

குஞ்சு செத்தது.

அதன் இறக்கையை ஓர் இலையில் வைத்து, ஊர்த் தலைவரின் ஆள் நங்பிரா முன் கொண்டுபோய் வைத்தார். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவளோ, பெயர் விழுந்தவர்கள் சூனியத்தைக் குளிர்விக்கும் வழக்கப்படி, சுரைக்குடுக்கைத் தண்ணீரை வாயில் எடுத்து இறக்கைமேல் ஊதினாள்.

"எனக்கே தெரியாம என் வயித்துல ஏதாச்சும் இருந்தா, அது குளிரட்டும். பிள்ளை எழுந்திரிக்கட்டும்."

மறுநாள் துபோய் கஞ்சி கேட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஊர் அவளைச் சூனியக்காரி என்று முடிவுகட்டியது. சூனியம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவதாயிற்றே. அவள் மகளைப் பெண் கேட்டிருந்தவர்கள் வேண்டாமென்று போய்விட்டார்கள்.

சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் நங்பிரா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள வாங்கக்கா."

"வேணாம்டி, உன் வீட்டுக்காரர் பயப்படுவாரு." குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு நீ ஈசல் அள்ளிட்டுப் போனதை என் மக பார்த்துட்டா. வயிறு எரிஞ்சுதுடி, பொய் சொல்ல மாட்டேன். அதான் மனசார ஊதினேன். பிள்ளையைப் படுக்க வச்சது நான்தான் போல. மன்னிச்சுக்க."

என்னிடமா மன்னிப்பு! உடம்பெல்லாம் கூசியது. திருடினது நான்தான் என்று ஊர் கேட்கக் கத்தியிருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து பகிங்கோ குரல் கொடுத்தார். "யாரோட பேசிட்டிருக்க?"

"யாருமில்லங்க" என்றேன். அவள் முகத்துக்கு நேரேதான் சொன்னேன், சீ.