கேட்காத மூன்றாவது கேள்வி

என் முதுகலை ஆய்வேட்டில் அறுபத்து நான்காம் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. பைண்டு பண்ணி, கையெழுத்து வாங்கி, நூலகத்தில் வைத்தாயிற்று. இனி அதை யாராலும் திருத்த முடியாது.

நான் படித்தது மக்கள்தொகையியல். ஏழை வீடுகளில் ஒரு வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகள்தான் என் தலைப்பு. ஒவ்வொரு தாயிடமும் மூன்று கேள்வி: கூட இருக்கும் பிள்ளைகள் எத்தனை, வேறு இடத்தில் இருப்பவர்கள் எத்தனை, பிறந்து இறந்தவர்கள் எத்தனை. மூன்றாவதைக் கேட்காமல் பூஜ்யம் போடவே கூடாது என்று பேராசிரியர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார்.

தி.நகரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. அதன் மாடியில் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவள் அமீனா பீ. நான் பள்ளிச் சீருடையில் திரிந்த நாளிலிருந்து எனக்கு அமீனாக்கா. தீபாவளிக்கு முந்தின வாரம், சேர வேண்டிய நூறு படிவத்தில் ஒன்று குறைந்தது. மாடிக்கு ஓடினேன். அவள் பிள்ளைகள் காஷிஃப், அஃப்ரா, இரண்டு பேரும் அவளோடுதான் இருக்கிறார்கள். எனக்குத் தெரியாதா? மூன்றாவதைக் கேட்க வாய் வரவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று நானே பூஜ்யம் போட்டேன். பெரிய நாகரிகம் என்று நினைப்பு வேறு!

கொழுப்பு அதோடு அடங்கவில்லை. 'இறந்த குழந்தைகளைப் பற்றிச் சொல்லப் பெண்கள் தயங்குகிறார்கள்' என்று அறுபத்து நான்காம் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

போன வாரம், தேறிவிட்ட சந்தோஷத்தில் மைசூர்பாகு டப்பாவோடு மாடிக்குப் போனேன். அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"இத்தினி நாளா இன்னா பாப்பா படிச்சே?"

சொன்னேன்.

"செத்துப்போன கொயந்தைங்களப் பத்தியா? எங்கிட்ட அத நீ கேக்கவே இல்லியே."

நீட்டிய டப்பாவை மிஷின் மேல் வைத்தேன்.

"அஃப்ராவுக்கு அப்பால ஒண்ணு பொறந்துச்சு. ஏழாம் நாளு ருக்சார்னு பேரு வச்சோம். ஒம்பதாம் நாளு மவுத்தாயிடுச்சு. ஆடித் தள்ளுபடி நேரம். பதினஞ்சாம் நாளு இதே மிஷின்ல வந்து குந்திட்டேன். வூட்ல யாரும் அவ பேர எடுக்க மாட்டாங்க. அன்னிக்கு புள்ளைங்க கணக்குனு நீ எழுதிக்கினு இருந்தப்போ, இப்போ கேப்பே, சொல்லிடலாம்னு பாத்துக்கினே இருந்தேன். நீ பேனாவ மூடிக்கினு கெளம்பிட்டே."

"நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா?" அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருந்ததா?

"கேக்காம எப்டிம்மா சொல்றது?"

சே! ஊருக்குத்தான் உபதேசம். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பையில் மிஞ்சிய படிவம் ஒன்று கிடந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மூன்றாவது கேள்வியை வார்த்தை பிசகாமல் கேட்டேன்.

"ஒண்ணு," என்றாள்.

எழுதினேன். எட்டிப் பார்த்தாள்.

"இது புக்குல வந்துடுமா பாப்பா?"

"வராதுக்கா. புக்கு முடிஞ்சுபோச்சு."

அந்தக் காகிதத்தை மடித்து என் பையில் செருகினாள்.

"சரி, உங்கிட்டயாச்சும் கெடக்கட்டும்," என்று ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள்.