மஞ்சள் துணிக்குள் ஒரு விரல்

என் தம்பி மோகனராஜுக்குப் பெண் கிடைத்ததே அவனுடைய பத்து விரல்களால்தான். பெண்ணின் அப்பா தங்கராஜு, இரும்புப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போனபோது அவர் இவன் படிப்பையும் கேட்கவில்லை, ஜாதகத்தையும் கேட்கவில்லை. "கைய நீட்டு தம்பி" என்றார். பாசாரில் மீன் வாங்குகிறவர் மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"விரலையே பார்த்துக்கத் தெரியாதவன் என் பொண்ண எப்படிப் பார்த்துக்குவான்? முந்தி வந்த மாப்பிள்ளைக்குச் சுண்டுவிரல்ல நகம் இல்ல. வேணாம்னுட்டேன்."

மோகனும் மாக் மண்டின் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு பட்டறையில்தான் வேலை செய்கிறான். பத்தும் முழுசாக இருந்ததால் நிச்சயதார்த்தம் நடந்தது. மாமனார் வலது கையில் மோதிரம் போட்டார்.

அந்த மோதிரத்தோடு சனியும் பிடித்தது. பட்டறையில் மோதிரம் போடக்கூடாது என்பது வாசல் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். இந்த மகராசன் அதைக் கழற்றவில்லை. எல்லாரும் பார்க்க வேண்டும் என்று கையுறையும் மாட்டவில்லை. கல்யாண வாரத்தில், இவனும் கூட வேலை செய்யும் இக்மலும் ஒரு கனத்த இரும்புத் தகட்டைத் தூக்கி அடுக்கின் மேல் இறக்கியிருக்கிறார்கள். இக்மல் விட்டுவிட்டான். இவன் கையை இழுத்தான், மோதிரம் தகட்டில் மாட்டிக்கொண்டது. விரல் நசுங்கியது.

கிளினிக்கில் மோதிரத்தை வெட்டி எடுத்து, விரலுக்குக் கட்டுப் போட்டார்கள். விரல் பிழைத்தது. எனக்கு அழுகையும் வந்தது, இன்னொரு விரலை நானே நசுக்கலாமா என்று ஆத்திரமும் வந்தது.

"அக்கா, மாமாவுக்குத் தெரிஞ்சா கல்யாணம் போச்சு லா."

"இப்பதான் உறைக்குதா, மண்டு?"

கட்டின் மேல் மஞ்சள் துணியைச் சுற்றி, ஒரு மஞ்சள் கிழங்கையும் வைத்து முடிந்துவிட்டேன். கல்யாணத்தன்று ஜார்ஜ் டவுன் கோயிலில் தங்கராஜு கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"என்னம்மா இது?"

"எங்க வீட்டு வழக்கம் மாமா. காப்பு மணிக்கட்டுலயும் கட்டுவோம், விரல்லயும் கட்டுவோம்."

"மோதிரம்?"

"பத்திரமா இருக்கு."

மோதிரம் என் பர்ஸில் இரண்டு துண்டாக இருந்தது. பெண் வீட்டு அத்தை ஒருத்தி, அது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டுத் துளைத்தெடுத்தாள். அவள் மகனுக்கும் கட்டப் போகிறாளாம்.

கெட்டிமேளம் முழங்கியது. மோகன் மணப்பெண் காமினியின் கழுத்தில் தாலியை வைத்தான். முதல் முடிச்சு அவன் போட வேண்டும், மற்ற இரண்டும் நான். இந்த விரலை வைத்துக்கொண்டு எப்படி முடிச்சுப் போடுவான் என்று நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. கயிற்றை இழுத்தான். "அம்மா!" என்று அலறினான். நாதஸ்வரக்காரர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். கயிறு நழுவித் தொங்கியது.

தங்கராஜு மேடையேறி வந்தார். மஞ்சள் துணி விலகி வெள்ளைக் கட்டு தெரிந்தது. பட்டறையில் ஆயுசைக் கழித்தவருக்கு யார் விளக்க வேண்டும்?

"நசுக்கிட்டியா?"

மோகன் தலையாட்டினான்.

"மோதிரத்தோடயா?"

அதற்கும் தலையாட்டினான். மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவார் என்றே நினைத்தேன்.

காமினி தலை நிமிரவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், தொங்கிய கயிற்றின் ஒரு நுனியைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சுத்தி இழுங்க" என்றாள் மோகனிடம்.

அவள் விறைப்பாகப் பிடித்திருக்க, மறுநுனியை இவன் இடது கையால் சுற்றி இழுக்க, முடிச்சு விழுந்தது.

"காமினி! என்ன செய்யற நீ?"

"பாரமான சாமான்னா ரெண்டு பேரு பிடிக்கணும்னு நீங்கதானேப்பா சொல்வீங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் மற்ற இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன்.

தங்கராஜு கையிலிருந்த அட்சதையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போட்டார். பலமாகவே போட்டார், மோகனின் கண்ணிலேயே விழுந்தது.

"தேய்க்காதீங்க மருமகனே" என்று அதட்டினார். "அந்தக் கைய வச்சுக்கிட்டுக் கண்ணையும் கெடுத்துக்காதீங்க."